திண்ணைக்கு வந்த ஆபீஸ் டெலிபோன்

டெலிபோன் என்னும் யந்திரத்திற்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வாசலில் வந்து நிற்கும் மனிதரைப் பார்த்து, "சாப்பிட்டுக் கொண்டிருக்கிறேன், சற்று உட்காருங்கள்" என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. அதே மனிதர் டெலிபோனில் மணியடித்தால், எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டுவிட்டு எழுந்து ஓடுகிறோம். நேரில் வந்தவருக்கு இல்லாத மரியாதை கம்பியில் வந்தவருக்கு எப்படி ஏற்பட்டது என்பதை யாராவது ஆராய்ச்சி செய்து சொன்னால் நல்லது.

இப்போது கம்பியும் போய்விட்டது. 1995-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி, மேற்கு வங்க முதன் மந்திரி ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் கைப்போனில் பேசினார். இந்த தேசத்தில் அதுதான் முதல் கைப்போன் பேச்சு. அதற்கு முன்பு மனிதன் டெலிபோனைத் தேடிப் போய்க் கொண்டிருந்தான். அன்று முதல் டெலிபோன் மனிதனைத் தேடி வர ஆரம்பித்தது. ஆனால் ஆபீஸ் டெலிபோன் மாத்திரம் பழைய குமாஸ்தாவைப் போல் மேஜையை விட்டு நகர மாட்டேன் என்று பிடிவாதமாக வெகு காலம் உட்கார்ந்திருந்தது. அதைப் பணியாளரின் கைப்போனுக்குள் கொண்டு வருவது எப்படி, அப்படிக் கொண்டு வரும்போது திருடனும் கூடவே நுழைந்துவிடாமல் காப்பது எப்படி என்பதே இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

விளாங்குடியில் ஒரு வீடு

மதுரைக்கு வடமேற்கே, வைகையின் வடகரையில், திண்டுக்கல் சாலையை ஒட்டி இருக்கிறது விளாங்குடி. 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேரும் வரையில் அது தனிப் பேரூராட்சியாக இருந்தது. பக்கத்திலேயே கூடல்நகர் ரயில் நிலையம். காலையில் மதுரையை விட்டுச் சென்னைக்குப் புறப்படும் வைகை எக்ஸ்பிரஸ் அந்த வழியாகத்தான் போகிறது. படித்து முடித்த பிள்ளைகளை வருஷா வருஷம் அந்த வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. அவர்கள் மறுபடியும் தீபாவளிக்கும் சித்திரைத் திருவிழாவுக்குமே ஊர் திரும்புகிறார்கள்.

போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அந்த வீட்டு அம்மாள் பட்டதாரி. பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள். படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத மாமியார். நகரத்தில் யந்திரச் சாமான்கள் விற்கும் ஒரு சிறு கம்பெனியில் அவருக்கு வேலை. தேனியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டு விலை கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். இந்த வேலைக்காக ஆபீஸுக்குப் போய் உட்கார வேண்டிய அவசியம் இல்லை என்று முதலாளியும் ஒப்புக்கொண்டார். ஆகவே, அந்த அம்மாளுடைய சொந்தக் கைப்போன் எண்ணையே வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. செலவில்லாத ஏற்பாடு, அனைவருக்கும் திருப்தி.

ஆறு மாதம் போவதற்குள் திருப்தி கரைந்துவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் பம்புக்கு வால்வு இருக்கிறதா என்று கேட்கிறார். இன்னொருவர் வால்வைப் பற்றிக் கேட்காமல் வேறு என்னென்னமோ கேட்கிறார். அந்த எண்ணை வைத்திருக்கும் முன்பின் தெரியாதவர்களெல்லாம் வாட்ஸப்பில் குழந்தைகளின் படத்தைப் பார்க்கிறார்கள். எண்ணை மாற்றிவிடலாம் என்றால், பாங்கி, பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, சமையல் காஸ் எல்லாம் அந்த எண்ணோடுதான் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன.

முதலாளிக்கும் நிம்மதி இல்லை.

"நாளைக்கு நீ வேலையை விட்டுப் போனால் என் வாடிக்கைக்காரர்களும் உன்னோடு போய்விடுவார்களே, அம்மா!" என்பது அவர் கவலை.

"நான் வேலையை விட்டாலும் அவர்கள் என்னை விட மாட்டார்களே, சார்!" என்பது அந்த அம்மாளின் கவலை.

இருவர் கவலைக்கும் மருந்து ஒன்றுதான். வாடிக்கைக்காரர் ஆபீஸ் எண்ணுக்கே கூப்பிட வேண்டும். மணி விளாங்குடியில் அடிக்க வேண்டும். அந்த அம்மாள் திரும்பக் கூப்பிட்டால் எதிரே ஆபீஸ் எண்ணே தெரிய வேண்டும். சொந்த எண் சொந்த மனிதர்களுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும்.

சர்க்கார் போட்டிருந்த பூட்டு

இவ்வளவு எளிய காரியம் ஏன் முன்பே பரவவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். யந்திரம் தயாராக இருந்தும் சட்டம் தயாராக இல்லாதது ஒரு காரணம். கால் சென்டர் முதலிய ஸ்தாபனங்களுக்கு மத்திய சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகா 2008-ல் வகுத்த நிபந்தனைகளின்படி, பணியாளர் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டுமானால் கம்பெனி 1 கோடி ரூபாய்க்குப் பாங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். ஒரு கோடியைக் கட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைவிட, ஆபீஸிலேயே நாற்காலி போட்டு உட்கார வைப்பது மலிவு அல்லவா?

கொரோனா நோய் வந்து அந்தப் பூட்டைத் திறந்தது. 2020-ம் வருஷம் மார்ச் 13-ந் தேதி, அந்த உத்தரவாதத்தைத் தற்காலிகமாகத் தள்ளுபடி செய்து இலாகா உத்தரவு பிறப்பித்தது. பன்னிரண்டு நாள் கழித்து, மார்ச் 25-ந் தேதி, தேசம் முழுதும் ஊரடங்கு வந்தது. தற்காலிகமாகக் கொடுத்த சலுகை பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2020 நவம்பர் 5-ந் தேதி வந்த புதிய விதிகளில் நிலைபெற்றது. 2021 ஜூன் 23-ந் தேதி விதிகள் இன்னும் தளர்ந்தன. பாங்கி உத்தரவாதமும் பதிவும் 2020 நவம்பர் விதிகளிலேயே ஒழிந்திருந்தன.

ஒரு கட்டுப்பாடு மாத்திரம் இன்றும் இருக்கிறது, அது நியாயமானதே. வெளி உலகத்தோடு பேசும் லைனை அனுமதி பெற்ற டெலிபோன் கம்பெனியிடமிருந்துதான் வாங்க வேண்டும். பெட்டி நிறைய சிம் கார்டுகளைச் செருகி வைத்து, வெளிதேசத்திலிருந்து இன்டர்நெட் வழியாக வரும் பேச்சை உள்ளூர்ப் பேச்சாக மாற்றிவிடும் கள்ள எக்ஸ்சேஞ்சு வியாபாரம் தண்டனைக்குரிய குற்றம். மலிவாக முடித்துத் தருகிறேன் என்று எவராவது அப்படி ஒரு பெட்டியைக் கொண்டு வந்தால், வாசலோடு அனுப்பிவிடுவது உத்தமம்.

கார்டும் கவரும்

ஆபீஸுக்குள் இருக்கும் சிறு எக்ஸ்சேஞ்சுக்குப் பி.பி.எக்ஸ். என்று பெயர். முன்னாளில் அது பீரோ அளவு இருந்தது. இன்று அது ஒரு சிறு கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் மாணவராயிருந்த மார்க் ஸ்பென்சர் என்பவர் ஒரு சிறு கம்பெனி ஆரம்பித்தார். ஆபீஸ் எக்ஸ்சேஞ்சு வாங்கப் பணம் போதவில்லை. போதவில்லை என்று வருந்திக்கொண்டிராமல், 1999-ல் தாமே ஒன்றை எழுதிவிட்டார். 'ஆஸ்டரிஸ்க்' என்று பெயரிட்டு, அதன் உள்ளமைப்பையும் எவரும் பார்த்துத் திருத்திக்கொள்ளும்படி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். விளாங்குடியில் ஒரு வாலிபர் ஊக்கத்தோடு உட்கார்ந்தால், அதை வைத்துக்கொண்டு பிறர் கையை எதிர்பாராமல் ஓர் ஆபீஸ் எக்ஸ்சேஞ்சை நிறுவிவிடலாம்.

கைப்போனில் ஒரு செயலியை ஏற்றினால், அது இன்டர்நெட் மூலம் அந்த எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, "நான்தான் இன்ன கிளை எண், இங்கே இருக்கிறேன்" என்று பதிவு செய்துகொள்கிறது. ஆபீஸ் எண்ணுக்கு அழைப்பு வந்ததும் எக்ஸ்சேஞ்சு அதை அந்தக் கைப்போனுக்கு அனுப்புகிறது. இவ்விருவரும் பேசிக்கொள்ளும் பாஷைக்கு எஸ்.ஐ.பி. என்று பெயர். இன்று வழங்கும் அதன் இலக்கணம் 2002-ல் வகுக்கப்பட்டது.

இங்கே பிரயாணம் செய்பவை இரண்டு. ஒன்று, 'இன்னார் இன்னாரைக் கூப்பிடுகிறார்' என்ற செய்தி. மற்றொன்று, குரல். விசேஷ ஏற்பாடு செய்யாவிட்டால் இரண்டுமே தபால் கார்டைப் போலத் திறந்த மேனியாகப் போகும். வழியில் இருப்பவன் விரும்பினால் படிக்கலாம், கேட்கலாம். செய்திக்கு டி.எல்.எஸ். என்ற உறையும், குரலுக்கு 2004-ல் வெளியான எஸ்.ஆர்.டி.பி. என்ற உறையும் போட்டால் கார்டு கவராக மாறுகிறது. ஒன்றுக்குப் போட்டு மற்றொன்றை விட்டுவிட்டால், கவரை ஒட்டிவிட்டுக் கடிதத்தை வெளியே வைத்த கதைதான்.

சவப்பெட்டிக்காரரின் சந்தேகம்

நடுவில் இருப்பவன் நம்பத் தகுந்தவனா என்ற கேள்வி டெலிபோனோடு கூடவே பிறந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று நகரங்களிலும் 1882 ஜனவரி 28-ந் தேதி எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டபோது, ஒவ்வொரு பேச்சையும் மனிதர்கள் கையால்தான் இணைத்தார்கள். அமெரிக்காவில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒரு சவ அடக்கக்காரர் இருந்தார். டெலிபோன் ஆபீஸில் இணைப்புக் கொடுத்த பெண்மணி, அவருடைய போட்டிக்காரரின் மனைவி என்றும், தமக்கு வரும் வாடிக்கைகளை அந்த அம்மாள் தம் கணவருக்கே திருப்பிவிடுவதாக அவர் சந்தேகப்பட்டார் என்றும் சொல்வார்கள். கதை எப்படியானாலும், மனிதர் தலையீடு இல்லாமல் தானே இணைக்கும் யந்திரத்தை அவர் கண்டுபிடித்து 1891-ல் உரிமைப் பத்திரம் வாங்கியது உண்மை. தானியங்கி எக்ஸ்சேஞ்சுகளுக்கெல்லாம் அதுவே மூதாதை.

ஸ்ட்ரோஜர் சந்தேகித்தது ஒருவரை. இன்றைய எக்ஸ்சேஞ்சை இன்டர்நெட்டில் திறந்து வைத்தால், உலகத்துத் திருடர்கள் அத்தனை பேரும் வந்து கதவைத் தட்டுகிறார்கள். எஸ்.ஐ.பி. வழக்கமாக உபயோகிக்கும் வாசலின் எண் 5060. அந்த வாசலைத் திறந்து வைத்த சற்று நேரத்துக்கெல்லாம் யந்திரங்கள் வந்து, "101 இருக்கிறாரா? அவருடைய ரகசியச் சொல் 101-தானா? 102 இருக்கிறாரா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிடும். எக்ஸ்சேஞ்சுகளின் பலவீனத்தைச் சோதிப்பதற்காக நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட 'சிப்விஷஸ்' என்ற கருவியைத் திருடர்களும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கருவி கதவைத் தட்டும்போது தன் பெயரை 'நட்பான சோதனைக்காரன்' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லால் அறிவித்துக்கொள்ளும். நட்போடு வந்து பெயரையும் சொல்லிவிட்டுத் திருடும் கள்வனை நமது பழங்கதைகளில்கூட நான் பார்த்ததில்லை.

இவர்கள் வால்வு விலையை ஒட்டுக் கேட்பதற்காக வரவில்லை. ஒரு கிளை எண்ணின் ரகசியச் சொல் கிடைத்தவுடன், அதன் வழியாக வெளிதேசங்களிலுள்ள அதிகக் கட்டண எண்களுக்கு விடாமல் பேசுகிறார்கள். அந்த எண்களுக்கு வரும் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பில் மாத்திரம் ஆபீஸுக்கு வரும். சனிக்கிழமை இரவு இதற்கு மிகவும் உகந்த முகூர்த்தம். திங்கட்கிழமை காலை வரையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இப்படி எக்ஸ்சேஞ்சுகளைக் கைப்பற்றிப் பணம் பண்ணிய ஒரு கூட்டத்தைப் பற்றிச் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு ஸ்தாபனம் 2020 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. ஓராண்டுக்குள் சுமார் 1200 ஸ்தாபனங்கள் தாக்கப்பட்டிருந்தன. மாதம் சில லக்ஷம் புரளும் மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு அப்படி ஒரு பில் வந்தால், அந்த மாதம் யாருக்குச் சம்பளம் இல்லை என்று போகும்? திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

சுரங்க வழி

ஆகவே, எக்ஸ்சேஞ்சைத் தெருவைப் பார்த்துத் திறந்து வைக்காமல் இருப்பதே முதல் விதி. கைப்போன் அதனிடம் போய்ச் சேர வேறு வழி வேண்டும். அந்த வழிக்குத்தான் வி.பி.என். என்று பெயர். தமிழில் சுரங்க வழி என்று சொல்லலாம். மதுரைக்காரர்களுக்குச் சுரங்கத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நாயக்கர் மகாலிலிருந்து மீனாக்ஷி கோயிலுக்குச் சுரங்கம் போகிறது என்று பேரனுக்குச் சொல்லாத பாட்டி இந்த ஊரில் உண்டா?

கைப்போனிலிருந்து ஆபீஸ் வரையில் பூட்டிய குழாய் ஒன்று அமைந்துவிடுகிறது. செய்தியும் குரலும் அதற்குள்ளேயே போய் வருகின்றன. சாவி இல்லாதவனுக்கு உள்ளே ஓர் எக்ஸ்சேஞ்சு இருப்பதே தெரியாது. இதற்கான கருவிகளில் 'வயர்கார்டு' என்பது சிறியது, வேகமானது, இலவசமானது. ஜேசன் டோனன்ஃபெல்ட் என்பவர் எழுதியது. 2020 மார்ச்சில், நமது இலாகா சலுகை உத்தரவு பிறப்பித்த அதே மாதத்தில், அது லினக்ஸ் மென்பொருளின் உள்ளேயே இடம் பெற்றது. சாவி இல்லாமல் தட்டுகிறவனுக்கு அது பதிலே சொல்லாது. கெட்டிக்காரக் காவற்காரனுக்கு அதைவிட வேறு லக்ஷணம் என்ன வேண்டும்?

சுரங்கம் வெட்டும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அது எக்ஸ்சேஞ்சின் அறையில் முடிய வேண்டும். கணக்குப் புஸ்தகம் இருக்கும் அறைக்கும் பணப்பெட்டிக்கும் வழி விடலாகாது. மேலும், சுரங்கத்தின் ஆபீஸ் பக்கத்து வாய்க்கு நிலையான இன்டர்நெட் விலாசம் தேவை. வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் கொடுக்கப்படும் இணைப்புகள் பலவற்றில், ஒரே விலாசத்தைப் பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து அதற்கு வந்து சேர முடியாது. மாதக் கட்டணம் சற்று அதிகம் கொடுத்து நிலையான விலாசம் வாங்க வேண்டும். அல்லது வெளியே ஒரு சிறு ஸர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் இல்லாத ஆபீஸ்கள், எக்ஸ்சேஞ்சையே வாடகைக்குத் தரும் கம்பெனிகளிடம் போகலாம். நம் நாட்டிலேயே அப்படிப்பட்ட கம்பெனிகள் இருக்கின்றன. உறை இரண்டும் உண்டா, வெளிதேச அழைப்பை மூடி வைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுவது நல்லது. ஆனால் வாடகை வீடு என்றாலும் ஜாக்கிரதை தேவைதான். 2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் என்ற பெரிய டெலிபோன் மென்பொருள் கம்பெனியின் கம்ப்யூட்டர்ச் செயலிக்குள்ளேயே திருடர்கள் விஷத்தைக் கலந்துவிட்டார்கள். கம்பெனியே கையெழுத்திட்டு அனுப்பிய செயலி என்று நம்பி ஏற்றிக்கொண்டவர்கள் அகப்பட்டார்கள். பெயர் பெற்ற கம்பெனியாயிற்றே என்று கவனிப்பதை விட்டுவிடக் கூடாது.

சாவிக் கொத்து யாரிடம்?

யந்திரத்தைவிட நிர்வாகமே முக்கியம். வழக்கத்தில் கெட்டுப்போவதும் அதுதான்.

ஒவ்வொரு கைப்போனுக்கும் தனிச் சாவி கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒரே சாவி கொடுத்தால், ஒருவர் போனைத் தொலைத்த அன்று பத்துப் பேருடைய பூட்டையும் மாற்ற வேண்டி வரும். ரகசியச் சொல்லை யந்திரமே நீளமாக உண்டாக்கட்டும். கிளை எண்ணும் ரகசியச் சொல்லும் ஒன்றாக இருப்பது, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்குச் சமானம். வெளிதேச அழைப்பை அடியோடு மூடிவிட்டு, தேவைப்படுகிறவருக்கு மாத்திரம் திறக்கலாம். ஒரு நாளைக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று டெலிபோன் கம்பெனியிடம் வரம்பு கட்டிவிடலாம். எந்தக் காவலும் தவறிய இரவில் இந்த ஒரு வரம்பு கம்பெனியைக் காப்பாற்றும். எக்ஸ்சேஞ்சை நிர்வகிக்கும் பக்கத்தை வெளியிலிருந்து எவரும் பார்க்க முடியாதபடி செய்வதும், மென்பொருளில் வரும் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுவதும் தினசரி வாசல் தெளிப்பதைப் போன்ற கடமைகள்.

இன்னார் கையில் இன்ன சாவி என்று ஒரு ஜாபிதா இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பாளி ஒருவர் இருக்க வேண்டும். போன் தொலைந்தது என்று தெரிந்த மணிக்குள் அந்தச் சாவி செல்லாக்காசாகிவிட வேண்டும். தொலைத்தவரைத் திட்டும் முதலாளியிடம் அடுத்த முறை யாரும் உடனே சொல்ல மாட்டார்கள் என்பதையும் நினைவில் வைப்பது நலம்.

தொந்தரவுகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கைப்போனுக்குத் தூக்கம் அதிகம். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அது செயலியைத் தூங்க வைத்துவிடும். அழைப்பு வந்தும் மணி அடிக்காது. அந்தச் செயலிக்கு விதிவிலக்குக் கொடுக்க வேண்டும்; அல்லது அழைப்பு வரும்போது தட்டி எழுப்பும் வசதியுள்ள செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் எடுக்காவிட்டால், இருபது விநாடியில் வேறொருவருக்கு மணி போகும்படி எக்ஸ்சேஞ்சில் சொல்லி வைக்கலாம். சுரங்க வழியாக ஒரு மணி நேரம் பேசினால், சாதாரண முறையில் சுமார் 100 மெகாபைட் வரையில் செலவாகும். அந்தச் செலவை ஆபீஸ்தான் ஏற்க வேண்டும். இன்னொன்று: ஆபத்துக் காலத்தில் 108-ஐயும் 112-ஐயும் சொந்தப் போன் வழியாகவே கூப்பிட வேண்டும். ஆபீஸ் எக்ஸ்சேஞ்சு வழியாகக் கூப்பிட்டால், விளாங்குடியில் மாமியார் மயங்கிக் கிடக்க, உதவி நகரத்து ஆபீஸ் வாசலில் வந்து நிற்கக்கூடும்.

பூட்டுக்கு இரண்டு பக்கம்

கடைசியாக ஒரு விஷயம். இத்தனை நேரம் வெளியார் உள்ளே வராமல் தடுக்கும் பூட்டைப் பற்றிப் பேசினோம். நல்ல பூட்டுக்கு மறு பக்கமும் உண்டு. ஆபீஸ் டெலிபோன் திண்ணை வரையில் வரலாம். அடுப்பங்கரைக்கும் படுக்கை அறைக்கும் வரக் கூடாது.

மாலை ஆறு மணி ஆனதும் அந்தக் கிளை எண் தானே மௌனமாகிவிடும்படி எக்ஸ்சேஞ்சில் ஏற்பாடு செய்யலாம். ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பிறகு கூப்பிடுகிறவர் காலையில் கூப்பிடும்படி ஒரு குரல் பணிவோடு சொல்லும். வால்வு ஓர் இரவு காத்திருந்தால் கெட்டுப்போகாது. இந்த ஏற்பாட்டுக்குச் செலவு ஒன்றும் இல்லாதபடியினால்தானோ என்னவோ, பல முதலாளிகள் இதை மறந்துவிடுகிறார்கள். சாவி ஜாபிதா எழுதும்போது, எத்தனை மணிக்கு மணி ஓயும் என்பதையும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதிவிட வேண்டும்.

அப்படிச் செய்த வீட்டில், இரவு ஏழு மணிக்கு அந்த அம்மாள் குழந்தைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கைப்போன் மணி அடித்தால், கூப்பிடுவது அக்காவோ, அம்மாவோ, பக்கத்து வீட்டாரோ என்று நிச்சயமாக நம்பலாம். எடுத்த கவளத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாலும் அப்போது தப்பில்லை.